கை காட்டினவர்

உக்காருங்க சார். அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும், இதுல உக்காருங்க. கேமரா இதுதான். கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பாருங்க. ஒரு கீறல் இருந்தா சொல்லுங்க, இருக்காது. எங்க வீட்டு அம்மா மங்கை தன்னோட வளையலைக்கூட இப்படித் துடைச்சு வெச்சிருக்க மாட்டா.

ஏன் விக்கறீங்கன்னு ஃபோன்லயே கேட்டீங்க. நேர்ல சொல்றேன்னேன். ரிப்பேரா இருக்குமோன்னு உங்களுக்கு சந்தேகம். நியாயம்தானே? காசு குடுத்து வாங்கற பொருள். ஆனா ரிப்பேர் கேமராவுல இல்ல சார், ஜனங்ககிட்ட. அதைத்தான் சொல்லப் போறேன். மங்கை, சாருக்குக் கொஞ்சம் மோர் கொண்டா.

வருவா, மெதுவா வருவா. இப்பல்லாம் கூப்பிட்டா உடனே வர்றதில்ல.

நீங்க கல்யாணத்துக்கு எடுக்கறவரா? வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு? நல்லதாப் போச்சு. அதுல ஒரு தொந்தரவும் கிடையாது. எல்லாரும் பவுடர் அடிச்சுட்டு வரிசையா நிப்பாங்க, சிரிங்கன்னா சிரிப்பாங்க. நான் எடுக்கறது அது இல்ல. தெரு. தெருவுல நடக்கறதை நடக்கறபடியே எடுக்கறது. கேண்டிட்னு சொல்லுவாங்க. எடுக்கறோம்னு அவங்களுக்குத் தெரியவே கூடாது. தெரிஞ்சுதோ, மூஞ்சி மாறிடும். பூக்காரம்மா ஒண்ணு தனக்குத்தானே யாரையோ திட்டிட்டே பூ கட்டிட்டு இருக்கும், அப்படி ஒரு அழகு அதுல. கேமராவைப் பாத்த அடுத்த நிமிஷம் சேலையை இழுத்து விட்டுட்டுப் போஸ் குடுக்கும். படம் செத்துப் போச்சு. அதனால நான் ஒரு விதி வெச்சிருந்தேன். கிட்டப் போகாதே, பேசாதே, தலையிடாதே. அது பாட்டுக்கு நடக்கட்டும். நாம பாக்கறதுக்கு வந்தவங்க, அவ்வளவுதான்.

வாரம் பூரா மில்லுல அக்கவுண்ட்ஸ் பாக்கறேன். ஞாயித்துக்கிழமை காலையிலதான் நான் மனுஷன். எங்க கிளப்புக்கே 'ஞாயிறு நடை'ன்னுதான் பேரு. பல் டாக்டர் லோகநாதன்னு ஒருத்தர் தலைவர். நாங்க எல்லாரும் விடிஞ்சதும் கிளம்பி, ஆளுக்கொரு தெருவாப் பிரிஞ்சு போய் எடுத்துட்டு வருவோம். என்னோடது செவ்வாய்ப்பேட்டை. மண்டித் தெரு பாத்திருக்கீங்களா? மத்த நாள்ல லாரியும் மூட்டையும் ஆளும் கூச்சலுமா கால் வைக்க முடியாது. ஞாயித்துக்கிழமை அத்தனையும் அடங்கிக் கிடக்கும். இழுத்து விட்ட ஷட்டர் மேல சாய்வா வெயில் விழும் பாருங்க, ஐயோ, அதுக்காகவே சாகலாம்.

ஒண்ணு சொல்றேன் கேளுங்க. தெருவுல படம் எடுக்கறவனுக்குக் கை பாஷை தெரிஞ்சிருக்கணும். மூஞ்சியை மூடிக்கற கை இருக்கு. போ போன்னு விரட்டற கை இருக்கு. கல்லு கிடைக்குமான்னு தரையைத் தடவற கை இருக்கு. மீன் மார்க்கெட்ல ஒரு அம்மா எனக்கு அருவாமணையையே தூக்கிக் காட்டியிருக்கு! நான் கோவிச்சுக்கவே மாட்டேன். கை தூக்கிட்டாங்கன்னா மரியாதையா விலகிருவேன். ஒருத்தர் வேண்டாம்னா வேண்டாம்தான். எங்க கிளப்புல புதுசா சேர்றவங்களுக்கு இதைத்தான் முதல் பாடமா நான் சொல்லுவேன். இப்படிப்பட்டவனைப் போய்ப் பேசறாங்க சார்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். போன மாசி மாசம், ஒரு ஞாயித்துக்கிழமை. மண்டித் தெருவுல ஒரு டெம்போ நின்னுட்டு இருந்துச்சு. அது பின்னாடி மறைஞ்சு நின்னு, இந்தப் பெரிய லென்ஸைப் போட்டுட்டு எதிர்ச்சாரியை அளந்துட்டு இருக்கேன். மூடின கடை ஒண்ணு முன்னாடி மூட்டை அடுக்கியிருக்கு. அதுல சாஞ்சு ஒரு ஆளு உக்காந்திருக்காரு. சுமை தூக்கறவர். லேட்டா ஒரு லோடு வர வேண்டியிருந்துதாம், அதுக்குக் காத்துட்டு இருந்திருக்காரு. அவர் பேர் செங்கோடன்னு எனக்கு அப்புறம்தான் தெரியும். அன்னிக்கு எனக்கு அவர் ஒரு மூஞ்சி. ஆனா என்ன மூஞ்சி!

வெயிலே இன்னும் ஏறலை. அந்தக் குளிர்ந்த வேளையில மனுஷனுக்கு மூஞ்சியெல்லாம் வேர்த்துக் கொட்டுது. அந்த வேர்வை மேல வெளிச்சம் பட்டு ஒவ்வொரு சுருக்கமும் தனித்தனியாத் தெரியுது. ஒரு கையால நெஞ்சு மேல நீலச் சட்டையை அப்படியே கசக்கிப் பிடிச்சிருக்காரு. வாய் லேசாத் திறந்திருக்கு. கண்ணு எங்கேயோ தூரத்துல. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு சார். காசு குடுத்து நடிக்க வெச்சாலும் அப்படி ஒரு முகம் கிடைக்காது.

எடுத்துட்டே இருந்தேன். அப்ப அவர் என்னைப் பாத்துட்டாரு. எப்படித்தான் பாத்தாரோ, டெம்போவுக்குப் பின்னாடி இருந்த என்னை நேரா லென்ஸுக்குள்ள பாத்தாரு. பாத்துட்டு, இன்னொரு கையைத் தூக்கினாரு. இப்படி. உள்ளங்கை என் பக்கம். வேண்டாம்ங்கற மாதிரி. என் விரல் பட்டன் மேல இருந்துச்சு, அது பாட்டுக்கு வரிசையா எடுத்துத் தள்ளிருச்சு. அப்புறம் நான் கேமராவைக் கீழ இறக்கிட்டேன். அவருக்குத் தலையை அசைச்சு, சரிங்க ஐயான்னு ஒரு கும்பிடும் போட்டுட்டுக் கிளம்பிட்டேன்.

இதுல என்ன தப்பு, நீங்களே சொல்லுங்க.

இதோ மோர் வந்திருச்சு, எடுத்துக்கங்க. பாத்தீங்களா, குடுத்துட்டு ஒரு வார்த்தை பேசாம போறா. முன்னெல்லாம் இப்படி இல்ல. வர்றவங்களை உக்கார வெச்சு ஊர்க்கதை பூரா பேசறவ.

வருஷா வருஷம் எங்க கிளப்புல கண்காட்சி வைப்போம், போட்டி வெச்சுப் பரிசும் குடுப்போம். இந்தப் படத்துக்கு 'வேண்டாம்'னு பேர் வெச்சு அனுப்பினேன். முதல் பரிசு. 'ஏழைத் தொழிலாளியின் தன்மானம்'னு நடுவர் எழுதிக் குடுத்தாரு. மேடையில ஏத்திப் பேசச் சொன்னாங்க. அவர் வேண்டாம்னு கை காட்டினாரு, நான் அந்தக் கைக்கு மரியாதை குடுத்து அங்கிருந்து போயிட்டேன்னு சொன்னேன். கை தட்டுனாங்க பாருங்க, கூடம் அதிர்ந்துச்சு. முன் வரிசையில ஒரு அம்மா கண்ணைத் துடைச்சுட்டாங்க. எங்க மங்கைகூட அன்னிக்குப் பட்டுச்சேலை கட்டிட்டு வந்திருந்தா.

அத்தோட விட்டிருக்கலாம். கண்காட்சியை ஊருக்குத் தெரியப்படுத்த ஒரு ஃப்ளெக்ஸ் அடிக்கணும்னாங்க. என் படத்தையே போட்டு அடிச்சாங்க. மண்டித் தெரு முனையில கட்டுங்கன்னு யோசனை சொன்னவனே நான்தான். எந்தத் தெருவுல எடுத்ததோ அந்த ஜனங்க பாக்கட்டும், அவங்களுக்கும் ஒரு பெருமைதானேன்னு நெனைச்சேன். நல்லதுக்குக் காலமில்ல சார்.

கட்டின மறுநாளே டாக்டர் ஃபோன் பண்ணினாரு. "புவனேந்திரன், உங்க படத்து முன்னாடி ஒரு பொண்ணு காலையில இருந்து நிக்குதாம், நகரவே மாட்டேங்குதாம்"னாரு. எனக்குச் சந்தோஷம் தாங்கலை. ஒரு படம் ஒரு ஆளை அப்படி நிறுத்துதுன்னா சும்மாவா? உடனே வண்டியை எடுத்துட்டுப் போனேன்.

முப்பது வயசுக்குள்ளதான் இருக்கும். பேர் தவமணி. வெள்ளிக் கொலுசுப் பட்டறையில பாலிஷ் போடற வேலையாம், விரல் நுனியெல்லாம் கறுத்துப் போயிருந்துச்சு. "படம் எடுத்தது நீங்களாங்க?"ன்னு கேட்டுச்சு. ஆமாம்மா, நல்லா இருக்கான்னேன். நான் சிரிச்சுட்டேதான் கேட்டேன்.

"அது எங்கப்பாருங்க."

"ரொம்ப சந்தோஷம்மா. உங்கப்பாவுக்கு ஒரு பிரிண்ட் போட்டுத் தர்றேன். எங்க அவரு?"

"இந்தப் படத்துல இருக்கற அதே ஞாயித்துக்கிழமைதாங்க செத்துப்போனாரு. இதே சட்டை, இதே மூட்டை. லோடு வந்து ஆளுங்க இறங்கிப் பாத்தப்ப இதே எடத்துல சாஞ்சு கிடந்திருக்காரு. பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம். கொஞ்சம் முன்னாடி கொண்டாந்திருந்தா பாத்திருக்கலாமேம்மான்னு டாக்டர் சொன்னாருங்க. அப்பல இருந்து எனக்கு அந்த ஒரு நெனப்புதான். பக்கத்துல யாருமே இல்லையே, ஒரு சனமும் இல்லாமப் போச்சேன்னு." அப்புறம் ஃப்ளெக்ஸைக் கை காட்டுச்சு. "நீங்க இருந்திருக்கீங்களே."

காக்கா உக்காரப் பனம்பழம் விழுந்த கதை. நான் படம் எடுத்ததும் அவர் போனதும் ஒரே நாள். அதுக்கு நான் என்ன பண்ணட்டும்? பாவமேன்னு, ஆறுதலாத்தான் சொன்னேன். "உங்கப்பா ரொம்ப ரோஷக்காரரும்மா. படம் எடுக்காதேன்னு கை காட்டினாரு. நான் உடனே போயிட்டேன்."

அந்தப் பொண்ணு என்னை ஒரு பார்வை பாத்துச்சு. "எடுக்காதேன்னு காட்டலைங்க. வான்னு கூப்பிடறாரு"ன்னுச்சு.

மண்டித் தெருவுல யாரும் வாயால கூப்பிட மாட்டாங்களாம். லாரி ஓடற சத்தத்துல கேக்காதாம். கையை முன்னாடி நீட்டி, விரலை மடக்கி மடக்கித்தான் கூப்பிடுவாங்களாம். "சின்ன வயசுல இருந்து எங்கப்பாரு என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லைங்க. இந்தக் கைதான்"னுச்சு. அதுக்குள்ள நாலு சுமைக்காரங்க சேந்துட்டாங்க. "ஆமாங்க சார், செங்கோடண்ணன் கூப்பிடற கைதான் இது"ங்கறான் ஒருத்தன். "ஒரு மனுசன் கூப்பிடறது தெரியாதாய்யா உனக்கு?"ங்கறான் இன்னொருத்தன். எங்கிட்ட! நான் பத்து வருஷமா கை பாத்தவன் சார்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ரெண்டு நாள்ல கிளப்பு பூரா இதே பேச்சு. ஃப்ளெக்ஸை ராத்திரியோட ராத்திரியா அவுத்துட்டாங்க. பரிசைத் திருப்பிக் குடுத்துட்டா நல்லா இருக்கும்னு டாக்டர் இழுக்கறாரு. எனக்கு வந்த ஆத்திரம் இருக்கே. நான் எடுத்த படம், நான் வெச்ச பேர். நான் மதிப்பு குடுத்து விலகினதை, ஒரு ஆளைச் சாகவிட்டுப் போனதா மாத்திப் பேசறாங்க. பாவம் ஓரிடம், பழி ஓரிடம். இதை நிரூபிக்காம விடறதில்லைன்னு முடிவு பண்ணினேன்.

நிரூபிக்கறது சுலபம். வரிசையா எடுத்துத் தள்ளுச்சுன்னு சொன்னேன் இல்லீங்களா, பரிசு வாங்கினது அதுல ஒண்ணுதான். மிச்சமெல்லாம் அப்படியே கம்ப்யூட்டர்ல இருக்கு. மிச்சத்தையும் சேத்துப் பாத்தா அது வேண்டாம்ங்கற கைன்னு பச்சைக் குழந்தைக்கும் புரிஞ்சிரும். டாக்டரை வரச் சொன்னேன். அந்தப் பொண்ணையும் கூட்டிட்டு வரச் சொன்னேன். நீங்க உக்காந்திருக்கீங்களே, இதே ஹால்தான். மங்கை காபி போட்டுக் குடுத்தா. அந்தப் பொண்ணு குடிக்கலை, டம்ளரைக் கையிலயே வெச்சுட்டு இருந்துச்சு.

"அப்பாரு என்னைக் கூப்பிட்டிருந்தா அஞ்சு தெருவு தாண்டி ஓடியாந்திருப்பேன். உங்களைக் கூப்பிட்டிருக்காரு. அது கூப்பிட்டதுதானா, இல்லையா, அதை மட்டும் எனக்குத் தெரியப்படுத்துங்க. இல்லைன்னா நான் நிம்மதியாத் தூங்கிருவேன். உங்களையும் ஒண்ணும் சொல்ல மாட்டேன்"னுச்சு. நல்ல பொண்ணுதான், குறை சொல்ல முடியாது. எனக்கே ஆசையா இருந்துச்சு சார், இல்லம்மான்னு காட்டி அனுப்பிரணும்னு.

முதல் படத்தைப் போட்டுட்டு, அடுத்தது அடுத்ததுன்னு போற பட்டன் இருக்கே, அதை அழுத்திப் பிடிச்சேன். அங்கதான் சனி பிடிச்சுது. ஒவ்வொண்ணாத் தட்டியிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது. அழுத்திப் பிடிச்சதும் படமெல்லாம் சரசரன்னு ஓடுது, சினிமா மாதிரி. கை மேல வருது. விரல் மடங்குது. விரியுது. மடங்குது. விரியுது. வா, வாங்கற மாதிரி.

டாக்டர் கண்ணாடியைக் கழட்டிட்டாரு. எங்க வீட்டு அம்மா கதவுகிட்ட நின்னுட்டு இருந்தவ, "கிட்டப் போய் என்னாங்க ஐயான்னு ஒரு வார்த்தை கேட்டா என்னங்க?"ன்னா. ஊருக்கு முன்னாடி கேக்கறா! கேட்டா அது எப்படி கேண்டிட் ஆகும்? இத்தனை வருஷம் என்கூடக் குடித்தனம் பண்ணி இது தெரியலை அவளுக்கு.

நெஞ்சுவலி வந்தா நரம்பு இழுத்துக் கை தானா ஆடும்னு நான் எங்கேயோ படிச்சிருக்கேன். அதைத்தான் சொல்லிட்டு இருந்தேன். அப்படியே கூப்பிட்டாருன்னே வெச்சுக்கங்க. வாயைத் திறந்து ஒரு சத்தம் போட்டிருக்கலாமே? வாயுள்ள பிள்ளை பிழைக்கும்னு சும்மாவா சொன்னாங்க? ஐயான்னு ஒரு குரல் குடுத்திருந்தா நான் ஓடியிருக்க மாட்டேனா? நான் என்ன கல்நெஞ்சுக்காரனா? பேச்சு மும்முரத்துல அழுத்தின விரலை எடுக்காம இருந்துட்டேன். நான் பண்ணின தப்புன்னா சார், அது ஒண்ணுதான்.

செங்கோடன் படமெல்லாம் ஓடி முடிஞ்சு, அடுத்த படத்துல போய் நின்னுருச்சு.

ஒரு டீ கிளாஸ். பெஞ்சு மேல வெச்சிருக்கு. ஆவி பறக்குது, கிளாஸ் விளிம்புல வெயில் தங்கமா நிக்குது. எனக்கே அந்தப் படத்தை எடுத்தது மறந்து போச்சு. மண்டித் தெருவுல ஞாயித்துக்கிழமையும் ஒரே ஒரு டீக்கடை திறந்திருக்கும், அதுல உக்காந்து எடுத்தது. அருமையான படம் சார். நியாயமாப் பாத்தா அதைத்தான் போட்டிக்கு அனுப்பியிருக்கணும். கிளாஸ் மட்டும் பளிச்சுன்னு தெளிவா இருக்கும், பின்னாடி தெருவெல்லாம் அப்படியே கரைஞ்சு போயிருக்கும். அப்படிக் கரைக்கறதுக்காகத்தான் இந்த லென்ஸையே வாங்கினேன்.

அந்தப் பொண்ணு டம்ளரைக் கீழ வெச்சுது. எந்திரிச்சு வந்து ஸ்கிரீன்கிட்ட குனிஞ்சுது. கிளாஸுக்குப் பின்னாடி, கரைஞ்சு கிடக்கற எடத்துல, ஒரு மண் நிறத் திட்டு, அதுக்குக் கீழ ஒரு நீலத் திட்டு. நான் அதை யாரோ போட்ட தார்ப்பாய்னு நெனைச்சிருந்தேன். இல்ல, நெனைக்கக்கூட இல்ல, அதைப் பாக்கவே இல்ல. அந்தப் பொண்ணு தன் கறுத்த விரலைக் கொண்டுபோய் அந்த நீலத்து மேல வெச்சுது. "அப்பாரு சட்டை"ன்னுச்சு. விரலைக் கொஞ்சம் மேல நகத்துச்சு. நீலத்துல இருந்து கறுப்பா, மெல்லிசா, ஒரு கோடு மேல போகுது. "இது கை"ன்னுச்சு.

டாக்டர் பக்கத்துல வந்து பாத்தாரு. எங்க வீட்டு அம்மாவும் வந்து பாத்தா. ஆமா, அது கைதான். அப்பவும் தூக்கிட்டுத்தான் இருந்திருக்கு. ஆனா நீங்களே சொல்லுங்க சார், நீங்களும் கேமராக்காரர்தானே, ஃபோகஸ்ல இல்லாததை யாரு பாப்பாங்க? கிளாஸைப் பாக்கறவனுக்குக் கிளாஸ்தான் தெரியும்.

அழும், கத்தும், மண்ணை வாரித் தூத்தும்னு நானும் தயாராத்தான் இருந்தேன். எல்லாத்துக்கும் எங்கிட்ட பதில் இருந்துச்சு. ஒண்ணும் பண்ணலை அந்தப் பொண்ணு. முந்தானையை எடுத்து, ஸ்கிரீன்ல தன் விரல் பட்ட கறையை மெதுவாத் துடைச்சு விட்டுச்சு. அப்புறம் என் பக்கம் திரும்பி, "டீயைக் குடிச்சு முடிச்சுட்டுத்தான் போனீங்களா?"ன்னு கேட்டுச்சு. அவ்வளவுதான். செருப்பை மாட்டிட்டுப் போயிருச்சு. டாக்டரும் பின்னாடியே போனாரு, அன்னிக்குச் சாயங்காலமே என்னைக் கிளப்பு குரூப்ல இருந்து எடுத்துட்டாங்க. மங்கை அன்னியில இருந்து இந்தக் கேமராவை வீட்டுல வெக்கக் கூடாதுங்கறா.

என்ன கேள்வி சார் அது? காசு குடுத்து வாங்கின டீயை யாராவது பாதியில வெச்சுட்டுப் போவாங்களா?